ஹிப் ஃபைல் இருக்கும்போது சிம் கேஷ் எதற்கு?

கேள்வி, 8 ஜூன் 2024

அண்ணா, ஹூடினி என்ற காட்சி விளைவு மென்பொருளில் ஒரு வெள்ளக் காட்சி செய்துகொண்டிருக்கிறேன். ஃப்ளிப் சிம் (துகள்களையும் வலைக்கட்டங்களையும் வைத்துத் தண்ணீரின் ஓட்டத்தைக் கணக்கிடுவது), 240 ஃபிரேம், துகள் சுமார் 1 கோடி. இதுவரை எட்டு வெர்ஷன் ஓட்டியாயிற்று. 4 டிபி டிஸ்க்கில் கேஷ், அதாவது சிம் கணக்கிட்டு ஃபிரேம் ஃபிரேமாகச் சேமித்த தரவு, மட்டுமே 2.6 டிபி. சிம்மின் அமைப்பு மட்டும் இருக்கிற ஹிப் ஃபைல் 40 எம்பிகூட வராது. அதுதான் பத்திரமாக இருக்கிறதே, வேண்டும்போது மறுபடி சிம் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. கேஷ் மொத்தத்தையும் அழித்துவிட்டால் என்ன ஆகும்?

8 ஜூன், இரவு 11.40

அழித்துவிடு தம்பி. ஹிப் ஃபைல் மாவு, கேஷ் இட்லி. மாவு இருக்கிற வீட்டில் பழைய இட்லியை யார் பூட்டி வைப்பார்கள்? கடைசி வெர்ஷன் மட்டும் இருக்கட்டும்.

9 ஜூன், காலை 6.15

அழித்துவிட்டாயா? இல்லையென்றால் கையை எடு. ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டேன். படுத்த பிறகுதான் சாலிகிராமத்தில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன ஸ்டுடியோ. ஆற்றில் வெள்ளம் வருகிற ஷாட். நாலாவது வெர்ஷனை இயக்குநர் ஓகே சொன்னார். நான் நல்ல பிள்ளையாக அன்று மாலையே சர்வரைச் சுத்தம் செய்தேன். ரெண்டர் முடிந்துவிட்டது, படங்கள் கையில் இருக்கின்றன, இனி சிம் கேஷ் எதற்கு என்ற எண்ணம். மூன்று வாரம் கழித்து எடிட்டில் ஷாட்டின் கேமரா மாறியது. அதே தண்ணீர், கொஞ்சம் அகலமான ஃபிரேம், அவ்வளவுதான் கேட்டார்கள். அதே ஹிப் ஃபைலைத் திறந்து, ஒரு நாப்கூட மாற்றாமல், ராத்திரி முழுக்க ஓட விட்டேன்.

காலையில் தண்ணீர் வந்தது. வேறு தண்ணீர். முதலில் இடப்பக்கப் பாறைமேல் ஏறி, ஒரு நொடி நின்று, விழுகிற மாதிரி ஒரு அலை இருந்தது. புதியதில் அது பாறையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. இயக்குநர் பார்த்ததும் கேட்ட ஒரே கேள்வி: "அந்த அலை எங்கே?"

பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மறுபடி மூன்று ராத்திரி விதவிதமாக ஓட்டினேன். அது திரும்பவே இல்லை.

9 ஜூன், காலை 6.30

மாவு உவமை தப்பு. ஹிப் ஃபைல் வெறும் சமையல் குறிப்பு. அதே குறிப்புதான், ஆனால் அடுப்பு வேறு, அரிசி வேறு.

9 ஜூன், மதியம்

"கம்ப்யூட்டர்தானே, அதே கணக்குக்கு அதே விடைதானே வரவேண்டும்" என்று படிப்பவர்கள் சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

32 பிட் தசம எண்ணில் 1,67,77,216 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு 1 கூட்டினால் விடை 1,67,77,216. இன்னொரு 1 கூட்டினாலும் அதேதான். அந்த அளவுக்குமேல் ஒற்றை ஒன்றைப் பிடித்து வைக்க அதில் இடம் கிடையாது. ஆனால் முதலில் 1-ஐயும் 1-ஐயும் கூட்டி, அந்த 2-ஐப் பெரிய எண்ணோடு கூட்டினால் 1,67,77,218. அதே மூன்று எண்கள், கூட்டும் வரிசை மட்டும் வேறு, விடை வேறு.

இப்போது 1 கோடி துகளின் வேகத்தை வலைக்கட்டங்களில் கூட்டுகிற வேலையைப் பல திரெட்டுகள் (ஒரே நேரத்தில் ஓடும் கணக்கு இழைகள்) பங்கு போட்டுக்கொள்கின்றன. எந்தத் திரெட் முதலில் முடிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மெஷின் மாறினால், கோர் எண்ணிக்கை மாறினால், சிபியுவில் ஓடியது ஜிபியுவுக்குப் போனால், மென்பொருளின் சின்ன அப்டேட் வந்தால் வரிசை மாறலாம். வித்தியாசம் ஏழாவது எட்டாவது இலக்கத்தில்தான் தொடங்கும். ஆனால் சிம்மில் 2-வது ஃபிரேம் 1-இன் மேல் உட்கார்ந்திருக்கிறது, 100-வது 99-இன் மேல். கடுகு உருண்டு உருண்டு பாறையாகிவிடும்.

என் விஷயத்தில் அது மெஷினா அப்டேட்டா என்று கண்டுபிடிக்கவில்லை. நடுவில் இரண்டுமே மாறியிருந்தன.

10 ஜூன்

ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தபோது எட்வர்ட் லாரன்ஸ் ஞாபகம் வந்தார். பட்டாம்பூச்சி விளைவு என்று எல்லாரும் சொல்கிறார்களே, அவர்தான். அந்தக் கதை அடிப்படையில் ஒரு கேஷ் விபத்து என்பதை யாரும் சொல்லக் காணோம்.

1961. எம்ஐடியில் எல்ஜிபி-30 என்ற கணினியில் ஒரு சின்ன வானிலை சிம் ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு பகுதியை மறுபடி பார்க்க வேண்டும். ஆரம்பத்திலிருந்து ஓட்டப் பொறுமை இல்லை (யாருக்கு இருக்கிறது?). பழைய ஓட்டத்தின் அச்சுத்தாளிலிருந்து நடுவில் ஒரு வரியின் எண்களைத் தட்டச்சு செய்து அங்கிருந்து தொடர்ந்தார். கொஞ்ச நேரம் பழைய பாதையிலேயே போய், பிறகு முழுக்க விலகி வேறு வானிலையே வந்துவிட்டது. காரணம், கணினிக்குள் இருந்தது 0.506127. தாளில் அச்சானது 0.506. இடம் மிச்சம் பிடிக்க மூன்று இலக்கத்தோடு நிறுத்தியிருந்தார்.

அதாவது துல்லியத்தைக் குறைத்துச் சேமித்த செக்பாயின்டிலிருந்து (நடுவழிச் சேமிப்பு) ரெஸ்யூம் செய்திருக்கிறார். நாம் தினமும் செய்கிற தப்பு. அவர் அதை வைத்து 1963-இல் ஆய்வுக்கட்டுரை எழுதினார், நான் திட்டு வாங்கினேன்.

10 ஜூன், இரவு

2.6 டிபி எப்படி வருகிறது என்று கேட்டவருக்கு. விரல்விட்டு எண்ணலாம்.

ஒரு துகளுக்கு இடம், மூன்று எண்கள், 12 பைட். வேகம் இன்னொரு 12. ஐடி 4. ஆக 28. ஒரு கோடி துகளுக்கு 280 எம்பி, 240 ஃபிரேமுக்கு 67 ஜிபி. இது பத்தியச் சாப்பாடு. இதோடு சால்வர் (சிம்மைக் கணக்கிடும் பகுதி) தன் வசதிக்கு வைத்திருக்கிற அட்ரிபியூட்கள், அதாவது ஒவ்வொரு துகளோடும் ஒட்டிய விவரங்கள்: வோர்டிசிட்டி (சுழற்சி), வயது, எங்கிருந்து வந்தது, பரிசோதனைக்கு நீ போட்டு மறந்த நிறம் என்று ஒரு பத்து எண் சேர்ந்தால் இன்னும் 40 பைட். ஃபிரேம் 680 எம்பி ஆகிவிடும், வெர்ஷன் 163 ஜிபி. எட்டு வெர்ஷன் 1.3 டிபி. மீதி மெஷ்ஷும் (துகள்கள்மேல் போர்த்தும் மேற்பரப்பு) வால்யூமும் (கட்டம் கட்டமாகச் சேமிக்கும் தரவு).

ஆகவே கேஷ் நோடுக்கு (node, ஹூடினியில் ஒரு வேலையைச் செய்யும் பெட்டி) முன்னால் ஒரு அட்ரிபியூட் டிலீட் நோட் போடு. இடமும் ஐடியும் மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கு.

11 ஜூன்

நேற்றைய கணக்கில் ஒரு திருத்தம். அது சுருக்கத்துக்கு முந்தைய அளவு. பிஜியோ.எஸ்சி (.bgeo.sc, ஹூடினியின் ஃபைல் வகை) என்று சேமித்தால் பிளாஸ்க் என்ற சுருக்கம் சேர்ந்து வரும், அது ஒரு பிட்டையும் இழக்காத சுருக்கம். எவ்வளவு குறையும் என்பது தரவைப் பொறுத்தது. எல்லாத் துகளுக்கும் ஒரே மதிப்பு என்றால் ஏறக்குறைய இடமே பிடிக்காது. சிதறி ஓடுகிற துகள்களின் இடமும் வேகமும் அவ்வளவு லேசில் சுருங்காது. அதனால் மேலே சொன்ன கணக்கைத் திட்டமிட வைத்துக்கொள், டிஸ்க் வாங்கப்போகும்போது அதை நம்பு.

11 ஜூன், மாலை

"16 பிட்டில் சேமித்தால் பாதி இடம்தானே" என்று கேட்டவருக்கு: புகையின் அடர்த்திக்கு, நெருப்பின் வெப்பத்துக்குச் சரி. ரெண்டரில் வித்தியாசம் தெரியாது. துகளின் இடத்துக்குக் கூடவே கூடாது. 16 பிட் எண்ணில் 512-க்கும் 1024-க்கும் நடுவில் அடுத்தடுத்த இரண்டு எண்களின் இடைவெளி 0.5. ஹூடினியில் ஒரு அலகு ஒரு மீட்டர். செட் மையத்திலிருந்து 600 மீட்டர் தள்ளி இருந்தால் உன் துளிகள் எல்லாம் அரை மீட்டர் படிக்கட்டில் வரிசையாக நிற்கும், ரேஷன் கடை மாதிரி.

அடர்த்தியானாலும் அந்த கேஷிலிருந்து மறுபடி சிம்மைத் தொடரப் போகிறாய் என்றால் வேண்டாம். லாரன்ஸ்.

12 ஜூன்

வால்யூம் பற்றிக் கொஞ்சம். பக்கத்துக்கு 1000 கட்டம் என்று ஒரு பெட்டி எடுத்தால் 100 கோடி கட்டம். ஒவ்வொன்றுக்கும் 4 பைட், ஒரே ஒரு ஃபீல்டுக்கு ஃபிரேமுக்கு 4 ஜிபி. அதில் பெரும்பகுதி வெறும் காற்று. ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷன் ஸ்டுடியோ 2012-இல் ஓப்பன்விடிபி (சுருக்கமாக விடிபி) என்ற சேமிப்பு முறையை எல்லாருக்கும் திறந்துவிட்டது இதற்குத்தான். கென் மியூசெத் வடிவமைத்தது. 8×8×8 கட்டக் கொத்துகளாகப் பிரித்து, புகை இருக்கிற கொத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். ஆனால் 0.0001 அடர்த்தி உள்ள கட்டமும் "புகை இருக்கிற" கட்டம்தான். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூசியை வெட்டாமல் சேமித்துவிட்டு, விடிபி போட்டும் சைஸ் குறையவில்லையே என்று நானே ஒரு மாதம் புலம்பியிருக்கிறேன்.

13 ஜூன்

சிரிப்பதற்கு ஒன்று. அந்த ஆற்று ஷாட் சமயத்தில் வீட்டு ஹாலில் நின்று ஃபோனில் கத்தினேன்: "கேஷ் மொத்தமும் போயிடுச்சு, நான்தான் டெலீட் பண்ணேன்." அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "எவ்வளவுடா?" என்று கேட்டார். நான் "முன்னூறு ஜிபி" என்றேன். "முன்னூறு ரூபாய்க்கா இந்தக் கத்து கத்துற?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

14 ஜூன்

ஃபைல் பெயர். இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, எல்லாரும் அடிபட்டுத்தான் கற்கிறோம். ஃபைல் கேஷ் நோட் தானே பெயர் வைக்கும்போது பிரச்சினை இல்லை. நாமே பாதையைத் தட்டும்போதுதான். பெயருக்குள் டாலர் எஃப் ($F, ஃபிரேம் எண் வந்து உட்காரும் இடம்) போடாமல் விட்டால் 240 ஃபிரேமும் ஒரே ஃபைலின் தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்படும். பதினோரு மணி நேரம் ஓடும், எந்தப் பிழையும் காட்டாது, காலையில் ஃபோல்டரில் ஒற்றை ஃபைல் சிரித்துக்கொண்டிருக்கும். அது 240-வது ஃபிரேம்.

டாலர் எஃப் 4 என்று போடு. 0001, 0002 என்று வரிசையாக நிற்கும். வெறும் டாலர் எஃப் போட்டால் பல இடங்களில் 1, 10, 100, 2 என்று அகராதி வரிசைக்குப் போய்விடும். ஃபிரேமுக்கு நடுவிலும், அதாவது சப்ஸ்டெப்பையும், சேமிக்க வேண்டுமானால் டாலர் எஃப்எஃப். அங்கே ஒற்றை எஃப் போட்டால் மறுபடி அதே மேலெழுதல்.

இன்னொன்று: டிஸ்க் நிரம்பினால் சில சமயம் ஃபைல் இருக்கும், உள்ளே பாதிதான் இருக்கும். முடிந்ததும் ஃபோல்டரைச் சைஸ்படி அடுக்கிப் பார். நோஞ்சானாக இருப்பது மேலேயே தெரியும்.

14 ஜூன், கொஞ்சம் கழித்து

ஃபைல் கேஷ் நோடில் 'லோட் ஃப்ரம் டிஸ்க்' (சேமித்ததையே படி) டிக் ஆகியிருந்தால் அதற்கு மேலே என்ன மாற்றினாலும் கீழே ஒன்றும் நடக்காது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால் இன்று மத்தியானம் ஒரு மணி நேரம் விஸ்காசிட்டியை (திரவத்தின் பிசுபிசுப்பு) ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் அசையவே இல்லை. பத்து வருஷ அனுபவம்.

16 ஜூன்

நேற்று இங்கே இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை, யுபிஎஸ் இருபது நிமிடம்தான் தாங்கியது. அதனால் செக்பாயின்ட் பற்றி.

பிஜியோ கேஷ் வேறு, டாட் சிம் (.sim) ஃபைல் வேறு. பிஜியோ என்பது சிம்மின் விளைவு, ரெண்டருக்குப் போதும். டாட் சிம் என்பது சால்வர் அந்த நொடியில் மனதில் வைத்திருந்த அத்தனையும். நின்ற இடத்திலிருந்து தொடர அதுதான் வேண்டும். சிம் ஓடுகிற டாப் (DOP) நெட்வொர்க்கில் 'சேவ் செக்பாயின்ட்ஸ்' போட்டு, எத்தனை ஃபிரேமுக்கு ஒன்று, கடைசி எத்தனையை வைத்துக்கொள்வது என்று கொடுக்கலாம். நான் 10 ஃபிரேமுக்கு ஒன்று, கடைசி 2. பழையதைத் தானே அழித்துக்கொள்ளும், டிஸ்க்குக்கும் பயம் இல்லை. தொடரும்போது அந்த ஃபைலை 'இனிஷியல் ஸ்டேட்' இடத்தில் கொடுத்து, தொடக்க ஃபிரேமையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். இரண்டாவதை மறந்தால் வெள்ளம் முதல் ஃபிரேமிலேயே ஊருக்குள் வந்துவிடும்.

ரெண்டர் என்றால் 240 ஃபிரேமை 240 மெஷினுக்குப் பிரித்துக் கொடுக்கலாம், ஒன்று விழுந்தால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி போடலாம். சிம்மில் அது நடக்காது. 199-இல் விழுந்தால், செக்பாயின்ட் இல்லாவிட்டால், மறுபடி 1.

17 ஜூன்

இதை எழுதும்போதுதான் உன் கேள்விக்கு நேரடி பதில் கிடைத்தது. முன் ஃபிரேம் தேவைப்படும் கேஷ், தேவைப்படாத கேஷ் என்று பிரித்துப் பார்.

துகள் கேஷுக்கு முன் ஃபிரேம் வேண்டும். மெஷ்ஷுக்கு வேண்டாம். 150-வது ஃபிரேமின் மெஷ் 150-வது ஃபிரேமின் துகளிலிருந்து மட்டும் பிறக்கிறது. துகள் இருந்தால் அதை எப்போது வேண்டுமானாலும், எத்தனை மெஷினில் வேண்டுமானாலும் மறுபடி உருவாக்கலாம், கண்ணுக்கு அதேதான் வரும். துகளை விடிபியாக மாற்றி வைத்திருப்பதும், நார்மல் (பரப்பு பார்க்கும் திசை) போட்டு வைத்திருப்பதும் இந்த ரகமே. அங்கேதான் கத்தியை வைக்க வேண்டும். என் முதல் நாள் பதில் பாதி சரி என்று இப்போது பெருமைப்பட்டுக்கொள்கிறேன்: மெஷ் உண்மையிலேயே இட்லி.

18 ஜூன்

பிளெண்டர் என்ற 3டி மென்பொருள்காரர்களுக்கு. 2020-இல் 2.82 வந்ததிலிருந்து அதில் திரவத்துக்கும் புகைக்கும் மாண்டாஃப்ளோ என்ற சால்வர். கேஷில் மூன்று வகை: ரீப்ளே, மாடுலர், ஆல். ரீப்ளே பழகிப் பார்க்க மட்டும். மாடுலரில் தரவு தனி, நாய்ஸ் தனி, மெஷ் தனியாக பேக் (bake, கணக்கிட்டுச் சேமிப்பது) ஆகும். மேலே சொன்ன பிரிவினை அங்கே தானாகவே கிடைக்கிறது.

'இஸ் ரெஸ்யூமபிள்' டிக் செய்யாமல் பேக் போட்டு நடுவில் நிறுத்தினால் தொடர முடியாது. பிளெண்ட் ஃபைலைச் சேமிப்பதற்கு முன்பே டொமைன் (சிம் நடக்கும் பெட்டி) உருவாக்கினால் கேஷ் பாதை தற்காலிக ஃபோல்டருக்குப் போய்விடும், ஒருநாள் காணாமலும் போய்விடும். அப்புறம் டொமைனை நகல் எடுத்தால் பாதையும் சேர்ந்து நகலாகும். இரண்டு புகையும் ஒரே ஃபோல்டரில் எழுதி ஒன்றையொன்று தின்னும். ஒரு நண்பருக்கு இரண்டு புகைபோக்கியிலும் ஒரே புகை வந்தது. அவர் அதை அழகு என்று நினைத்து விட்டுவிட்டார்.

20 ஜூன்

பெரிய திருத்தம். 10-ஆம் தேதி "இடமும் ஐடியும் மட்டும் வை" என்று எழுதியிருக்கிறேன். வேகத்தைத் தூக்காதே! அந்த வரியைப் படித்து இன்று ஒருவர் தூக்கியே விட்டார். மன்னிக்க வேண்டும்.

வேகம் இல்லாவிட்டால் மோஷன் பிளர் (அசைவில் வரும் மங்கல்) சொதப்பும். துளி பிறந்துகொண்டும் செத்துக்கொண்டும் இருப்பதால் முந்தைய ஃபிரேமோடு ஒப்பிட்டு பிளர் போட முடியாது. மெஷ்ஷும் ஒவ்வொரு ஃபிரேமிலும் புள்ளி எண்ணிக்கை மாறும் ஜந்து. வேகம் இருந்தால் ஒவ்வொரு புள்ளியும் தன் திசையை மடியில் கட்டிக்கொண்டு வரும். ஸ்லோ மோஷன் கேட்டாலும் அதே கதை. இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் துளி எங்கே இருந்திருக்கும் என்று வேகத்தையும் ஐடியையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். ஹூடினியில் வேகம் நொடிக்கு இத்தனை அலகு என்று இருக்கும். 24 ஃபிரேம் என்றால் ஃபிரேமுக்கு அதில் 24-இல் ஒரு பங்கு.

ஒரு துகளுக்கு 12 பைட்டை மிச்சம் பிடிக்கப்போய் ஷாட்டையே இழப்பதற்கு நான் காரணமாகக் கூடாது. ஆக 28 பைட்டும் இருக்கட்டும். அந்த 40-ஐ மட்டும் தூக்கு.

23 ஜூன்

தம்பி கணக்குக் கொடுத்திருக்கிறான். எட்டு வெர்ஷனின் மெஷ்ஷையும் வால்யூமையும் அழிக்க ஒதுக்கியதில் 1.2 டிபி. சூப்பர்வைசர் பார்த்து வேண்டாம் என்று சொன்ன ஐந்து வெர்ஷனின் துகள்களை ஒதுக்கியதில் இன்னும் 800 ஜிபி சொச்சம். ஓகே ஆனதையும், பேச்சில் இருக்கிற இரண்டையும் வைத்துக்கொண்டான்.

அழிப்பதற்கு முன் ஃபோல்டரை நேரடியாக அழிக்காமல் பெயரை மாற்றி ஒரு நாள் விடச் சொல்லியிருந்தேன். நல்லதாகப் போயிற்று. மூன்றாவது வெர்ஷனின் பெயரை மாற்றிய அரை மணி நேரத்தில் லைட்டிங்கிலிருந்து ஃபோன். அவர்களுடைய சீன் பேக்டு டிஸ்க்காக (டிஸ்க்கில் இருக்கும் ஃபைலை நேரடியாகப் படிக்கும் முறை) அந்த மெஷ்ஷைத்தான் இன்னும் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஓகே ஆன ஆறாவது வெர்ஷனுக்கு யாரும் மாற்றவே இல்லை. அதாவது ஒரு வாரமாக எல்லாரும் பார்த்துப் பாராட்டிய ரெண்டர் மூன்றாவது வெர்ஷன். சூப்பர்வைசர் நேற்று வரை "ஆறாவதுதான் சூப்பர்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

23 ஜூன், இரவு

இல்லை, மூன்றாவதை இப்போது அழிக்காதே.

30 ஜூன்

இந்தப் பேச்சால் பரணிலிருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துத் தோண்டினேன். கேஷ் இல்லை, அது தெரிந்ததுதான். ஆனால் சாலிகிராமத்து நாலாவது வெர்ஷனின் ஃபிளிப்புக் (அவசர முன்னோட்டப் படம்) ஒன்று கிடைத்தது, ரெண்டர்கூட இல்லை, வெறும் நீலப் புள்ளிகள். அந்த அலையைத் திருப்பித் திருப்பி ஏழெட்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். பாறைமேல் ஏறுகிறது, நிற்கிறது, விழுகிறது. இத்தனை வருஷம் மனதில் இருந்த அளவுக்குப் பெரிதாக இல்லை. நான் கடைசியாக ஓட்டியதில் வந்த அலை இதைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருந்தது என்று நினைக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் அந்த கேஷையும் அழித்திருக்கிறேன்.